ரெய்ஸ்டு பேனல் கதவுக்கு எந்த கட்டர்? வளைவைக் கடைசியில் பாருங்கள்

தாராபுரம் பக்கம் சொந்தப் பட்டறை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பழைய ஸ்பிண்டில் மோல்டர் ஒன்று வாங்கியிருக்கிறேன். 3 ஹெச்.பி. மோட்டார். சமையலறை அலமாரிகளுக்குத் தேக்கில் ரெய்ஸ்டு பேனல் கதவு செய்ய வேண்டும். இதுவரை ரூட்டரை மேஜைக்கு அடியில் மாட்டித்தான் ஓட்டினேன். விளிம்பு கருகுகிறது, ஒரு கதவுக்கே அரை நாள் போகிறது. கட்டர் வாங்கப் போனால் படத்தைக் காட்டி, எந்த வளைவு வேண்டும் என்று கேட்கிறார்கள். எதைப் பார்த்து வாங்குவது? செட்டாக வாங்கலாமா, தனித்தனியாகவா?"

புதியவர்களுக்கு ஒரு வரி: ரெய்ஸ்டு பேனல் கதவு என்றால் நான்கு சட்டத்துக்கு நடுவில், விளிம்பு சரிந்து நடு மேடாக நிற்கும் பலகை (பேனல்) உள்ள கதவு. ஸ்பிண்டில் மோல்டர் என்பது மேஜைக்கு நடுவில் நிமிர்ந்து சுற்றும் தண்டில், அதாவது ஸ்பிண்டிலில், கட்டரை மாட்டி மர விளிம்பைச் செதுக்கும் இயந்திரம். வளைவு என்பது கட்டர் மரத்தில் விடும் வடிவம். கடைக்காரர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வளைவைப் பற்றியதே அல்ல. உங்கள் ஸ்பிண்டில் எத்தனை மில்லிமீட்டர், எத்தனை சுற்று ஓடுகிறது, சட்டத்தில் பேனல் உட்காரும் பள்ளமான காடி எவ்வளவு அகலம் என்று கேட்டிருக்க வேண்டும். இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்தால் படப் புத்தகத்தில் உள்ள கட்டர்களில் பாதிக்கு மேல் தானாகக் கழிந்துவிடும். மிச்சம் இருப்பதில் உங்களுக்கும் வீட்டுக்காரருக்கும் பிடித்த வளைவை எடுத்துக்கொள்ளலாம்.

ஸ்பிண்டிலில் இருந்து தொடங்குவோம். வெர்னியரை வைத்து அளந்து பாருங்கள், டேப் வேண்டாம். ஐரோப்பிய வழி வந்த இயந்திரங்களில் 30 மி.மீ. இருக்கும். அமெரிக்க அளவில் முக்கால், ஒன்று, ஒன்றேகால் அங்குலம் என்று வரும். ஒன்றேகால் அங்குலம் என்பது 31.75 மி.மீ. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். நானே ஏமாந்திருக்கிறேன். பட்டறை தொடங்கிய புதிதில் அழகான எஸ் வளைவு கட்டர் ஒன்றை ஆசையாக வாங்கி வந்து, 30 மி.மீ. ஸ்பிண்டிலில் போட்டால் லொடலொட என்று ஆடியது. ஒரு அலுமினியத் தகட்டை வெட்டிச் சுற்றி, நட்டை இறுக்கி ஓட்டிவிட்டேன். பலகை முழுக்க அலை அலையாகக் கோடு விழுந்தது. இயந்திரம் போட்ட சத்தத்தில் பக்கத்துப் பட்டறைக்காரர் ஓடி வந்து மெயின் சுவிட்சை அணைத்தார். கட்டர் மையம் விலகிச் சுற்றினால் ஒரே ஒரு பல்தான் மரத்தைத் தொடும், மற்றவை சும்மா சுற்றும். அந்த ஆட்டம் பேரிங்கைத் தின்றுவிடும், எஃகைவிடக் கடினமான கார்பைடு பல் கழன்று பறக்கவும் வழி உண்டு.

கட்டரின் துளை பெரிதாகவும் ஸ்பிண்டில் சிறிதாகவும் இருந்தால், இடைவெளியை நிரப்பும் வளையமான புஷ் போடலாம், அதில் தப்பில்லை. ஆனால் அது கட்டர் செய்தவர்களே தரும், கழுத்து வைத்த புஷ்ஷாக இருக்கட்டும். லேத்தில் கடைந்த புஷ் நூறில் ஒரு மில்லிமீட்டர் சுத்தமாக இருக்கும் என்று கடைபவர் மேல் உங்களுக்கு நம்பிக்கை இருந்தால் அதுவும் சரி. இன்னொரு விஷயம்: ஸ்பிண்டில் அரை அங்குலம்தான் என்றால் பெரிய பேனல் கட்டரை மறந்துவிடுங்கள். அந்தத் தடிமன் அந்த வேலைக்குத் தாங்காது. மேஜைக்கு மேல் ஸ்பிண்டில் எத்தனை மி.மீ. நிற்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் சொல்லப்போகும் முதுகு கட்டரையும் சேர்த்து அடுக்கினால் நட்டுக்கு மறை மிஞ்ச வேண்டும்.

அப்புறம் வேகம். உங்கள் ரூட்டர் கருகலுக்கும் இங்கேதான் விடை இருக்கிறது. மரத்துக்குச் சுற்று எண்ணிக்கை தெரியாது. பல்லின் நுனி எவ்வளவு வேகத்தில் வந்து வெட்டுகிறது என்பதுதான் தெரியும். ரூட்டருக்கு வரும் படுக்கை வாக்குப் பேனல் பிட் மூன்றரை அங்குலம், அதாவது 89 மி.மீ. வரை இருக்கும். அதை 22,000 சுற்றில் ஓட்டினால் நுனி நொடிக்கு 100 மீட்டருக்கு மேல் போகிறது. அது ஆபத்து. வெட்டுவதைவிடத் தேய்ப்பதுதான் அதிகமாக நடக்கும். சரி என்று 10,000 சுற்றுக்குக் குறைத்தால் கைரூட்டருக்கு இழுக்கத் தெம்பில்லை, நீங்கள் மெதுவாகத் தள்ளுவீர்கள், மறுபடியும் தேய்ந்து கருகும்.

கையால் தள்ளி ஓட்டும் ஸ்பிண்டில் மோல்டரில் நுனி வேகம் நொடிக்கு 40 முதல் 70 மீட்டருக்குள் இருக்க வேண்டும். 40-க்குக் கீழே போனால் பல் மரத்தைக் கவ்வி உதைக்கும், 70-க்கு மேலே போனால் உடையும் ஆபத்தும் காது கிழியும் சத்தமும். உங்கள் இயந்திரத்தின் சுற்றை நீங்களே கணக்கிடலாம். இரண்டு போல் மோட்டார் நம் ஊர் மின்சாரத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,880 சுற்று ஓடும். மோட்டார் புல்லி 150 மி.மீ., ஸ்பிண்டில் புல்லி 60 மி.மீ. என்று வைத்தால் இரண்டரை மடங்கு, 7,200 சுற்று. கட்டரின் விட்டத்தை மீட்டரில் எடுத்து 3.14-ஆலும் சுற்றாலும் பெருக்கி 60-ஆல் வகுத்தால் நுனி வேகம். 125 மி.மீ. கட்டர் 7,200 சுற்றில் 47 மீட்டர். 140 மி.மீ. என்றால் ஏறக்குறைய 53. இரண்டுமே நல்ல இடம். அதே 125 மி.மீ. கட்டரை 10,000 சுற்றுப் புல்லியில் மாட்டினால் 65 மீட்டர். எல்லைக்குள்தான் இருக்கிறது, ஆனாலும் நான் பேனல் கட்டரை அந்த வேகத்தில் ஓட்டுவதில்லை.

கட்டரின் உடம்பில் அதிகபட்சச் சுற்று பொறித்திருக்க வேண்டும். ஈ.என். 847-1 என்ற ஐரோப்பியத் தரப்படி செய்த கட்டர் என்றால் கூடவே 'மேன்' (MAN) அல்லது 'மெக்' (MEC) என்ற மூன்றெழுத்தும் இருக்கும். மேன் என்றால் கையால் தள்ளலாம். மெக் என்றால் பவர் ஃபீடர் போன்ற இயந்திர ஊட்டத்துக்கு மட்டும். மேன் வகையில் பல்லுக்கு முன்னால் உடம்பே சதைபோல உயர்ந்து நிற்கும், பல் அதைத் தாண்டி 1.1 மி.மீ.க்கு மேல் நீளாது. அதனால் ஒரு கடியில் அதற்கு மேல் கவ்வ முடியாது. விரல் போகிற இடத்தில் இந்த ஒரு மில்லிமீட்டர் பெரிய விஷயம். எந்த எழுத்தும் எண்ணும் இல்லாத கட்டரை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். பழைய பட்டறைகளில் சதுரக் கட்டையில் தட்டைக் கத்தியைப் போல்ட் போட்டு இறுக்கி ஓட்டுவார்களே, அதை உங்கள் இயந்திரத்தோடு இலவசமாகக் கொடுத்திருந்தால் காயலான் கடைக்கு அனுப்பிவிடுங்கள்.

இப்போது காடி. கதவின் அடித்தளமே இதுதான், பேனல் கட்டர் இதற்குப் பின்னால் வருகிற ஆள். சட்டத்தின் உள்விளிம்பில் வளைவையும் காடியையும் ஒரே ஓட்டத்தில் போடுவது ஒரு கட்டர். குறுக்குச் சட்டத்தின் தலைப்பில், அதாவது முனையில், அதற்கு நேர் எதிரான அச்சையும் காடியில் செருகும் குட்டை நாக்கையும் வெட்டுவது இன்னொரு கட்டர். இந்த இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே ஜோடியாகத்தான் இருக்க வேண்டும். இதில் சமரசமே கிடையாது. ஒன்றின் வளைவு இன்னொன்றில் மயிரிழை பிசகினாலும் மூலையில் இடைவெளி தெரியும், அதைப் பட்டி வைத்து மறைத்தால் பாலிஷ் போட்டவுடன் காட்டிக்கொடுத்துவிடும்.

செட் எந்தத் தடிமன் மரத்துக்கு என்று கேளுங்கள். பெரும்பாலானவை 6 நூல், அதாவது 19 மி.மீ. சட்டத்தை மனதில் வைத்துச் செய்தவை. காடி 2 நூல், அதாவது ஏறக்குறைய 6 மி.மீ. அகலம், 3 நூல் ஆழம். நம் ஆட்கள் ஒரு அங்குலப் பலகையை இழைத்தால் 21, 22 மி.மீ. நிற்கும். அதை அப்படியே ஓட்டினால் கூடுதல் தடிமன் எல்லாம் முதுகுப் பக்கம் போய் நிற்கும். பரவாயில்லை என்றால் விடலாம், ஆனால் கணக்கு மாறும்.

அந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் பேனல் கட்டர் வாங்குவதில் நடக்கும் பாதித் தவறு இங்கேதான். 19 மி.மீ. சட்டம். முகத்தில் வளைவுக்கு 8, காடிக்கு 6, முதுகில் மிச்சம் 5. பேனலின் விளிம்பில் நாக்கு 6 மி.மீ. இருந்தால் காடியில் உட்காரும். வெறும் பேனல் கட்டர் மட்டும் இருந்தால் முகத்தை மட்டும்தான் செதுக்கும், நாக்கு பேனலின் முதுகோடு ஒட்டி நிற்கும். அப்போது பேனல் 14 மி.மீ. தடிமனாக இருந்தால்தான் முகம் சட்டத்தோடு ஒரே மட்டத்தில் வரும். முதுகுப் பக்கம் 5 மி.மீ. பள்ளமாகத் தெரியும், அலமாரிக்கு உள்ளே யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டுவிடலாம். ஆனால் பேனலையும் சட்டத்தோடு சேர்த்து 19 மி.மீ.க்கே இழைத்து வைத்திருந்தீர்கள் என்றால் முகம் 5 மி.மீ. துருத்திக்கொண்டு நிற்கும். பக்கத்துக் கதவைத் திறந்தால் இடிக்கும், கைப்பிடி போட்டால் அசிங்கமாக இருக்கும்.

இதற்குத்தான் முதுகு கட்டர். பேனல் கட்டருக்கு மேலே அதே ஸ்பிண்டிலில் இன்னொரு சிறிய கட்டரை அடுக்கி, நடுவில் 6 மி.மீ. இடம் விட்டால், ஒரே ஓட்டத்தில் முகத்தில் 8, முதுகில் 5 போய், நடுவில் 6 மி.மீ. நாக்கு நிற்கும். 19 மி.மீ. பேனல், 19 மி.மீ. சட்டம், இரண்டு பக்கமும் மட்டம். பலகையை ஒரே தடிமனில் இழைத்து அடுக்கலாம் என்பது தினசரி வேலையில் பெரிய நிம்மதி. இன்னொரு நன்மையும் உண்டு: நாக்கின் தடிமனை இரண்டு கட்டருக்கு நடுவில் உள்ள இடைவெளி தீர்மானிக்கிறது, பலகை கொஞ்சம் கூடக்குறைய இருந்தாலும் நாக்கு மாறாது. என்னைக் கேட்டால் முதுகு கட்டர் சேர்ந்த செட்டாகவே வாங்குங்கள். 3 ஹெச்.பி. மோட்டார் இழுக்கும், ஆனால் ஒரே கடியில் அல்ல. பலகையை அண்டக்கொடுத்துத் தள்ளும் தடுப்பான ஃபென்ஸை இரண்டு மூன்று தடவையாக நகர்த்தி நகர்த்தி எடுங்கள்.

சரிவின் அகலத்தைப் பலர் யோசிப்பதே இல்லை. பேனல் கட்டர் பொதுவாக ஒன்றரை அங்குலம், அதாவது 38 மி.மீ. அகலத்துக்குச் சரிவு போடும். பெரிய கதவில் அது கம்பீரமாக இருக்கும். இழுப்பறை முகப்புக்கு வாருங்கள். உயரம் 150 மி.மீ., மேலும் கீழும் 50 மி.மீ. சட்டம். நடுவில் தெரிவது 50. காடிக்குள் இரண்டு பக்கமும் 9 போனால் பேனல் 68 மி.மீ. இரண்டு சரிவுக்கு 76 வேண்டும்! நடுவில் மேடே இல்லாமல் கூரை மாதிரி ஆகிவிடும். அதனால் 25 மி.மீ. அளவில் குறுகிய சரிவு போடும் கட்டர் ஒன்று தனியாக வேண்டும், அல்லது இழுப்பறைகளைச் சட்டம் இல்லாத ஒரே பலகையாகச் செய்து விளிம்பில் மட்டும் வளைவு போட்டுவிட வேண்டும். நான் இரண்டாவதைத்தான் செய்வேன். பார்க்கவும் நன்றாக இருக்கும், ஒரு கட்டர் காசும் மிச்சம்.

மேல் பக்கம் வளைந்த பேனல் கேட்பார்கள் என்றால், பலகை விளிம்பில் உருண்டு வழிகாட்டும் பேரிங்கோடு வரும் கட்டர் வேண்டும். அங்கே ஃபென்ஸ் வேலை செய்யாது. மேஜையில் ஒரு முளையைக் குத்தி, பலகையை அதில் அண்டக்கொடுத்துத்தான் பேரிங்குக்கு மெல்ல உள்ளே கொண்டுபோக வேண்டும். 125 மி.மீ. கட்டரால் சரிவின் உட்கோட்டில் தன் ஆரத்தைவிடச் சிறிய உள்வளைவு போட முடியாது, ஆக அந்தக் கோட்டுக்கு 62, 63 மி.மீ.க்கு மேல்தான் ஆரம் வைத்து வரைய வேண்டும். முதல் கதவே வளைந்த கதவாக வேண்டாம். நேர்ப் பேனலில் கை பழகட்டும்.

எந்த உலோகம் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் தேக்கு என்று சொன்னதால் சொல்கிறேன். தேக்கில் சிலிக்கா இருக்கிறது, மரத்துக்குள்ளேயே மணல் கலந்த மாதிரி. சாணை பிடித்த ஹை ஸ்பீடு ஸ்டீல் கட்டர் முதல் பேனலில் கண்ணாடி மாதிரி வெட்டும், பத்தாவது பேனலில் கருகும். கார்பைடுதான் வேண்டும். எம்.டி.எஃப்.-க்கும் அதுவேதான். மூன்று பல் இருக்கட்டும்.

கார்பைடில் இரண்டு வகை. பல்லைப் பற்றவைத்தது ஒன்று, கத்தியைத் திருகில் மாட்டிக் கழற்றுவது இன்னொன்று. பற்றவைத்ததைச் சாணைக்கு அனுப்பும்போது பல்லின் முகத்தை மட்டும் தீட்ட வேண்டும், வளைவைத் தொடவே கூடாது. அப்படித் தீட்டினாலும் பல் மெலிய மெலிய அகலம் துளித்துளியாகக் குறையும். காடி போடும் பல் குறுகும். நாக்கை வெட்டும் இரண்டு பல்லுக்கும் நடுவில் இடைவெளி கூடுவதால் நாக்கு தடிக்கும். விளைவு, நன்றாக உட்கார்ந்த மூட்டு இறுகிப்போகும், சுத்தியால் அடிக்க வேண்டி வரும். பல்லுகளுக்கு நடுவில் ஷிம் என்ற மெல்லிய தகட்டு வளையத்தைச் சேர்த்தோ எடுத்தோ சரிக்கட்டலாம், ஆனால் ஜோடியில் ஒன்றை மட்டும் ஒருபோதும் தீட்டாதீர்கள். மாட்டும் கத்தியில் இந்தத் தலைவலி இல்லை, மழுங்கினால் புதிது மாற்றலாம், அளவு அப்படியே இருக்கும். விலைதான் அதிகம். கையில் உள்ள காசு இரண்டுக்கும் பத்தாது என்றால், கத்தி மாட்டும் வகையைக் காடி ஜோடிக்கு எடுங்கள், பேனல் கட்டரைப் பற்றவைத்ததாக வாங்குங்கள். சரிவு அரை மில்லிமீட்டர் மாறினால் ஒருவருக்கும் தெரியாது, மூட்டு மாறினால் எல்லோருக்கும் தெரியும். உங்கள் பக்கம் கார்பைடு தீட்ட நல்ல கடை இருக்கிறதா என்பதையும் வாங்குவதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள்.

கட்டர் மேலே இருக்க வேண்டுமா கீழேயா என்பதில் பட்டறைக்குப் பட்டறை சண்டை உண்டு. பேனலின் முகத்தைக் கீழே பார்க்க வைத்து, கட்டர் பலகைக்கு அடியில் சுற்றினால் பலகையே உங்கள் கைக்கு மூடியாகிவிடும். மேலே முதுகு கட்டர் இல்லாதபோது, நடுவில் பலகை எழும்பினாலும் வெட்டு குறையும், மறுபடி ஓட்டிச் சரி செய்யலாம். கட்டர் மேலே இருந்தால் பலகை எழும்பிய இடத்தில் நாக்கு மெலிந்துபோகும், அது போனது போனதுதான். ஆனால் முகம் கீழே வைத்து, முதுகு கட்டரும் இல்லாமல் ஓட்டினால் பலகையின் தடிமன் மாறுகிற அளவுக்கு நாக்கும் மாறும். நான் எப்போதும் அடியில் ஓட்டுகிற கட்சி. இழைப்பை ஒழுங்காகச் செய்துவிட்டால் தடிமன் பிரச்சினை வராது.

எந்தப் பக்கம் சுற்றுகிறது என்பதைத் தினமும் பாருங்கள். த்ரீ ஃபேஸ் மோட்டார் என்றால் இரண்டு ஒயர் இடம் மாறினாலே எதிர்ப்பக்கம் சுற்றும். தெருவில் ஈ.பி. வேலை நடந்த மறுநாள் காலையில் சுவிட்சை ஒரு கணம் தட்டிப் பார்க்காமல் மரத்தைத் தொடாதீர்கள். எதிர்ச் சுற்றில் நட்டு தளரும், ஸ்பிண்டிலோடு பூட்டி நிற்கும் கீ வாஷர் போட்டிருந்தால்தான் காப்பாற்றும். மரத்தை எப்போதும் சுற்றுக்கு எதிராகத்தான் தள்ள வேண்டும். பேனலில் முதலில் இரண்டு தலைப்பையும், அதாவது இழைக்குக் குறுக்கான பக்கங்களை ஓட்டிவிட்டு, பிறகு நீளப் பக்கங்களை ஓட்டுங்கள். தலைப்பின் கடைசியில் கிளம்பும் சிம்பை அடுத்த ஓட்டம் சுத்தமாக எடுத்துவிடும். சட்டத்திலும் இதே வரிசைதான், முதலில் தலைப்பு, பிறகு காடி. குறுக்குச் சட்டத்தின் தலைப்பை வெறும் கையால் தள்ளவே கூடாது, நழுவும் பலகை ஒன்று செய்து அதில் இறுக்கிப் பிடித்துத் தள்ளுங்கள்.

பேனலைக் காடிக்குள் பசை போட்டு ஒட்டாதீர்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எவ்வளவு இடம் விடுவது என்பதுதான் கேள்வி. 400 மி.மீ. அகலத் தேக்குப் பேனலில் ஈரம் 4 சதவீதம் மாறினால், பட்டையாக அறுத்த பலகை ஏறக்குறைய 3 மி.மீ. அசையும். வளையங்கள் நெட்டுக்குத்தாக நிற்கும்படி அறுத்தது அதில் பாதிக்கும் சற்று அதிகம்தான் அசையும். அகலத்தில் மொத்தம் 3, 4 மி.மீ. விடுங்கள், நீளவாக்கில் 2 போதும். ஐப்பசி மழையில் செய்கிற பேனல் ஏற்கெனவே உப்பியிருக்கும், இடம் குறைவாக விடலாம். சித்திரை வெயிலில் செய்தால் தாராளமாக விடுங்கள். மாட்டுவதற்கு முன்பே பேனலின் விளிம்புக்குப் பாலிஷ் கொடுத்துவிட்டால், சுருங்கும்போது வெளுத்த கோடு எட்டிப் பார்க்காது.

ஆக நீங்கள் வாங்க வேண்டியது: உங்கள் ஸ்பிண்டிலுக்குப் பொருந்தும் துளையுள்ள, கத்தி மாட்டும் காடி ஜோடி ஒன்று, அதே 6 மி.மீ. காடிக்கு நாக்கு விடும், 125 முதல் 140 மி.மீ. விட்டமுள்ள, மூன்று பல் கார்பைடு பேனல் கட்டர் ஒன்று, முதுகு கட்டரோடு. பேனல் கட்டர் வேறு கம்பெனியாக இருந்தாலும் குற்றமில்லை, நாக்கின் அளவு பொருந்தினால் சரி. வளைவுக்கு முதலில் நேர்ச் சரிவோ மெல்லிய எஸ் வளைவோ எடுங்கள். ஆழமான குழிவு சமையலறையில் எண்ணெய்ப் பிசுக்கையும் தூசியையும் பிடித்துவைக்கும், துடைக்கிறவர்கள் உங்களைத் திட்டுவார்கள்.

கட்டர் வந்தவுடன் தேக்கைத் தொடாமல் மலைவேம்புத் துண்டில் ஒரு முழுக் கதவுக்கான மூலையை ஓட்டிப் பாருங்கள். எல்லாம் பொருந்திய பிறகு காடித் துண்டு, தலைப்புத் துண்டு, பேனல் விளிம்புத் துண்டு மூன்றையும் தேதி எழுதி இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டிவையுங்கள். அடுத்த தடவை கட்டரின் உயரத்தை அந்தத் துண்டைப் பக்கத்தில் வைத்தே பிடித்துவிடலாம், டேப்பே வேண்டாம்.